அரை அப்பம்

வானொலியில் வேலை செய்கிற எங்களுக்குப் பொதுவாக ஒரு பயம் உண்டு. அது மௌனம்.

ஒலிபரப்பில் சத்தம் நின்று சில விநாடிகள் ஆனால் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை விளக்கு எரியும். இன்னும் கொஞ்சம் தாமதித்தால் கணினியே ஏதாவது ஒரு பாடலை எடுத்து ஓடவிட்டுவிடும். ஊடகத் துறையில் படித்த காலத்தில் விரிவுரையாளர் திரும்பத் திரும்பச் சொன்னதும் இதுதான்: நேயர் காத்திருக்க மாட்டார், அடுத்த அலைவரிசைக்குப் போய்விடுவார். பத்தாண்டுகளுக்கு மேலாக அந்தப் பாடத்தை வைத்துத்தான் பிழைக்கிறேன். காலை ஆறு மணிக்கு ஒலிவாங்கியைத் திறந்தால் பத்து மணி வரை வாய் ஓயாது. 'எப்படித்தான் நிறுத்தாமப் பேசுறீங்களோ' என்று கேட்காத உறவினர் இல்லை.

அப்படிப்பட்ட என்னிடம் கடவுள் இரண்டரை ஆண்டுகள் ஒன்றுமே பேசவில்லை.

இதை எழுத எனக்குத் தயக்கம்தான். ஆனால் நிகழ்ச்சி முடிந்த பிறகு தொலைபேசியில் பேசும் நேயர்களில் சிலர் குரலைத் தாழ்த்திக்கொண்டு இதே குறையைச் சொல்லியிருக்கிறார்கள். 'கும்பிடுறேன் தங்கச்சி, விளக்கு ஏத்துறேன், ஆனா மனசு ஒட்ட மாட்டேங்குது' என்று ஓர் அக்கா தஞ்சோங் காராங்கிலிருந்து அழைத்துச் சொன்னார். அவர் முருகனைக் கும்பிடுகிறவர். நான் கத்தோலிக்கப் பெண். சாமி வேறாக இருந்தாலும் அந்தக் குறை எனக்கு நன்றாகப் புரிந்தது. அன்று அவருக்கு ஏதோ ஆறுதல் சொல்லிச் சமாளித்தேன். உண்மையான பதில் அப்போது என்னிடம் இல்லை.

நான் பிறந்தது பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் ஒரு தோட்டத்தில். 2007இல் ஊர்ப் பெயரைப் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றினார்கள். அம்மாவுக்கு இன்னும் பழைய பெயர்தான் வாயில் வரும். கோலசிலாங்கூர் மாவட்டத்தில் எங்கள் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் ரப்பர், பிறகு செம்பனை. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமே இங்கேயுள்ள தென்னமரம் தோட்டம்தான். ஹென்றி ஃபோக்கொன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917இல் அங்கே நடவைத் தொடங்கினார். அந்தக் கன்றுகளை நட்டு, களையெடுத்து, குலை வெட்டியதில் நம் ஆட்களின் வியர்வை எவ்வளவு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

என் அப்பாவும் குலை வெட்டியவர்தான். அம்மா பின்னாலேயே போய் உதிரிப் பழம் பொறுக்குவார். லயத்துக் கோடியில் மாரியம்மன் கோயில் இருந்தது. அதற்குச் சற்றுத் தள்ளி, தகரக் கூரை போட்ட எங்கள் சின்ன ஆலயம். கத்தோலிக்கக் குடும்பங்கள் பதினொன்றுதான். சாமியார் மாதத்துக்கு ஒருமுறை வந்து பூசை வைப்பார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் தாத்தா செபம் நடத்துவார். மணி வாங்க வசதியில்லாமல் ஒரு தண்டவாளத் துண்டைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதை அடிப்பது அப்பாவின் வேலை. அவர் அடித்தால் பெரட்டுக்களம் வரைக்கும் கேட்கும்.

மணியைத்தான் அப்படி அடிப்பார். மற்றபடி அப்பா பேசா மடந்தை. இரவு எட்டு மணிக்கு வீட்டில் செபமாலை சொல்லுவோம். முடிந்ததும் ஆளுக்கு ஒரு மன்றாட்டு சொல்ல வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். அண்ணன் பரீட்சைக்காகச் சொல்லுவான். நான் சைக்கிள் வேண்டும் என்று சொல்லுவேன். அப்பாவின் முறை வரும்போது தலையைக் குனிந்துகொண்டு ஒரு நிமிடம் சும்மா இருப்பார். பிறகு 'ஆமென்' என்பார்.

"ஏன்பா, ஒன்னுமே சொல்லலையே?" என்று கேட்பேன்.

"சொல்லிட்டேன்," என்பார்.

அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பாக வரும்.

தோட்டம் கைமாறி, லயங்கள் இடிந்து, நாங்கள் பெஸ்தாரி ஜெயாவில் ஒரு தாமானுக்கு வந்து சேர்ந்தோம். நான் படித்து, வேலை கிடைத்து, கோலாலம்பூருக்குப் போய்விட்டேன். ஞாயிறு பூசைக்குப் போவேன். இரவில் செபிப்பேன். என் தொழிலைப் போலவே என் செபமும் இருந்தது: நிறையப் பேசுவேன், கேட்பேன், நன்றி சொல்லுவேன். மனசு லேசாகும். அந்த லேசைத்தான் கடவுள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் போல.

2021 ஜூலை வந்தது. அந்த மாதத்தை இந்த வட்டாரத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. 13ஆம் தேதி நாட்டின் ஒருநாள் தொற்று எண்ணிக்கை முதன்முறையாகப் பத்தாயிரத்தைத் தாண்டியது. அந்த எண்ணை நான்தான் அன்று செய்தித் துளியில் வாசித்தேன். அப்பாவுக்குக் காய்ச்சல் ஆரம்பித்து அப்போது நான்கு நாள் ஆகியிருந்தது.

மருத்துவமனையில் சேர்த்த பிறகு நாங்கள் அவரைப் பார்க்கவில்லை. ஒரு தாதியின் புண்ணியத்தில் இரண்டு முறை காணொளியில் முகம் காட்டினார்கள். முகமூடிக்குள் அப்பா ஏதோ சொன்னார், கேட்கவில்லை. அந்த ஒன்பது நாளும் நான் செபித்த மாதிரி வாழ்நாளில் செபித்ததில்லை. ஆலயங்கள் மூடியிருந்தன. வாடகை வீட்டில் தரையில் முழந்தாளிட்டு, தெரிந்த செபமெல்லாம் சொல்லி, புதிதாக நேர்ந்துகொண்டு, பேரம் பேசி, அழுது, ஒரு கட்டத்தில் கடவுளை அதட்டிக்கூடப் பார்த்தேன்.

பத்தாவது நாள் அதிகாலை தொலைபேசி வந்தது.

அடக்கத்துக்கு எங்களில் நான்கு பேருக்குத்தான் அனுமதி. வெள்ளைப் பாதுகாப்பு உடையில் வந்தவர்கள் மரியாதையாகத்தான் செய்தார்கள். நாங்கள் தூர நின்று பார்த்தோம். அவருக்காக அடிக்க ஒரு மணியில்லை. தோட்டத்தில் யார் இறந்தாலும் அந்தத் தண்டவாளத்தை மெதுவாக அடித்து எல்லாருக்கும் சொன்னவர் அவர்.

இரண்டு வாரத்தில் வேலைக்குத் திரும்பினேன். காலை வணக்கம் சொன்னேன். சிரித்தேன். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து செபிக்க உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. ஒன்றுமில்லை. கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை, கோபித்துக்கொள்ள எதிரில் ஓர் ஆள் வேண்டுமே. நான் சொன்ன சொற்கள் கூரையைத் தாண்டவில்லை என்று தோன்றியது. ஒலிவாங்கியின் கம்பியைப் பிடுங்கிவிட்டு மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருக்கிற ஆளைப் போல இருந்தேன்.

நாளாக ஆக உட்காருவதையும் விட்டேன். அம்மாவுக்காகக் கிறிஸ்மஸுக்கும் ஈஸ்டருக்கும் பூசைக்குப் போனேன். அந்த ஆண்டு டிசம்பரில் வானொலியில் கிறிஸ்மஸ் சிறப்பு நிகழ்ச்சியை என்னிடம்தான் கொடுத்தார்கள். இறைவன் நம்மோடு இருக்கிறார் என்று எழுதிவைத்து, குரலில் தேவையான இடத்தில் நெகிழ்ச்சி சேர்த்து வாசித்தேன். நேயர்களிடமிருந்து நிறையப் பாராட்டு வந்தது. அன்றிரவு எனக்கு என்னைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

முயற்சி செய்யாமல் இல்லை. இணையத்தில் பிரசங்கங்கள் கேட்டேன். தோழி ஒருத்தியோடு செபக்கூட்டத்துக்குப் போனேன். எல்லாரும் கைகளை உயர்த்திக் கண்ணீர்விட்டுப் பாடினார்கள். நான் ஒலியமைப்பு எப்படியிருக்கிறது என்று கவனித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒருவர் என் தலையில் கை வைத்து, உனக்குள் மறைந்திருக்கும் பாவம்தான் தடை, விசுவாசத்தோடு கேட்டிருந்தால் உன் அப்பா பிழைத்திருப்பார் என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் அந்த வாக்கியம் என்னைப் பல மாதம் தூங்கவிடவில்லை.

முதலில் கொஞ்சம் மூச்சு விட வைத்தது ஒரு புத்தகம். அன்னை தெரேசா இறந்து பத்து ஆண்டுகள் கழித்து, 2007இல், அவருடைய ஆன்மிக வழிகாட்டிகளுக்கு அவர் எழுதிய கடிதங்கள் நூலாக வெளிவந்தன. அழித்துவிடும்படி அவரே கேட்டுக்கொண்ட கடிதங்கள் அவை. 1946 செப்டம்பர் 10ஆம் தேதி டார்ஜிலிங் போகும் ரயிலில் இயேசுவின் அழைப்பைத் தெளிவாக உணர்ந்தவர், கல்கத்தாவில் ஏழைகளுக்கான பணியைத் தொடங்கிய பிறகு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள், இறக்கும் வரை, கடவுள் தன்னிடம் இல்லை என்ற இருட்டிலேயே வாழ்ந்திருக்கிறார். 1958இல் சில வாரங்கள் அந்த இருள் விலகியது. பிறகு திரும்பவும் வந்துவிட்டது. உலகம் முழுவதும் படங்களில் பார்த்த அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இது இருந்திருக்கிறது. காலை நிகழ்ச்சியில் சிரித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைத்தது.

அவருக்கு 1961 வாக்கில் ஜோசப் நொய்னர் என்ற இயேசு சபைக் குரு ஓர் ஆலோசனை சொன்னார். ஆஸ்திரியாவில் பிறந்து இந்தியாவில் இறையியல் கற்பித்தவர். அவர் சொன்னதின் சாரம் இது: இந்த இருளுக்கு மனிதரிடம் மருந்தில்லை, உங்கள் குற்றத்தால் வந்ததாகவும் நினைக்க வேண்டாம். இயேசுவை உணர்வது மட்டுமே அவர் இருக்கிறார் என்பதற்குச் சான்று ஆகாது. கடவுளுக்காக உங்கள் உள்ளம் இப்படி ஏங்குகிறதே, அந்த ஏக்கமே அவர் உள்ளே இருப்பதன் அடையாளம்.

இதைப் படித்துவிட்டு, தலையில் கை வைத்தவரின் வாக்கியத்தை ஒரு பக்கமாக எடுத்துவைத்தேன். பைபிளில் 88ஆம் திருப்பாடலையும் அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். திருப்பாடல்கள் மொத்தம் 150. புலம்பலில் தொடங்குபவை பெரும்பாலும் நம்பிக்கையில் முடியும். இந்தப் பாடல் அப்படி முடிவதில்லை. கடவுளிடம் முறையிட்டுக்கொண்டே போய், இருட்டிலேயே நின்றுவிடுகிறது. ஆனாலும் அதை யாரும் வேதத்திலிருந்து நீக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகச் சொல்லித்தான் வருகிறார்கள். இப்படிப் பேசுவதற்கும் அங்கே இடம் இருக்கிறது என்று தெரிந்தது ஆறுதல்தான். ஆனால் புத்தகம் தந்த ஆறுதல் தலையோடு நின்றுவிட்டது. நான் இன்னும் வெளியில்தான் இருந்தேன்.

2024 ஜனவரியில் அம்மாவுக்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சை ஆகியிருந்தது. மோட்டாரில் யார் பின்னாலும் ஏறிப் போகக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பெஸ்தாரி ஜெயாவில் இருப்பது வனத்துச் சின்னப்பர் ஆலயம். ஜனவரியில் திருவிழா, அதற்கு முன் ஒன்பது நாள் மாலைச் செபம். அம்மா ஒரு நாளும் விட்டதில்லை. "நீ காடியில கொண்டுபோய் விட்டா போதும், உள்ள வரணும்னு இல்ல," என்றார். அந்தக் கடைசி வார்த்தை என்னை உறுத்தியது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன்.

காலை நிகழ்ச்சியை முடித்து, கொஞ்சம் தூங்கி எழுந்து, சுங்கை பூலோ, ஈஜோக் வழியாகத் தினமும் ஓட்டிக்கொண்டு போனேன். இரண்டு பக்கமும் செம்பனை. இடையிடையே புதிய வீடமைப்புகள். முதல் இரண்டு நாள் அம்மாவை இறக்கிவிட்டுக் காருக்குள்ளேயே கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் நல்ல மழை. குடை பிடித்து அம்மாவை உள்ளே கூட்டிக்கொண்டு போனவள், மழை விடவில்லை என்பதால் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

அன்று மறையுரை வனத்துச் சின்னப்பரின் கதை. பவுல் என்ற பெயரைத்தான் பழைய தமிழ்க் கத்தோலிக்கர்கள் சின்னப்பர் என்பார்கள். இலத்தீனில் அதற்குச் சிறியவர் என்று பொருள். இவர் திருத்தூதர் பவுல் அல்ல, எகிப்திய வனத்தில் வாழ்ந்த தவசி. இவருடைய வாழ்க்கையை நான்காம் நூற்றாண்டில் புனித ஜெரோம் எழுதிவைத்தார். ரோமப் பேரரசர் டெசியஸ் காலத்தில் கிறிஸ்தவர்களை வேட்டையாடியபோது, பெற்றோரை இழந்த இந்த இளைஞர் பாலைவனத்துக்கு ஓடிப்போகிறார். ஒரு குகை, ஒரு சுனை, ஒரு பேரீச்ச மரம். அங்கேயே முதுமை வரை தனியாக இருந்துவிடுகிறார். பிற்காலத்தில் ஒரு காகம் தினமும் அரை அப்பம் கொண்டுவந்து போடுகிறது. அறுபது ஆண்டுகள்.

சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். காகம் என்றாலே பிள்ளைகள் சிரிப்போம். அன்று மறையுரை ஆற்றிய குரு ஒன்றைக் கவனிக்கச் சொன்னார். அந்த அறுபது ஆண்டுகளில் வானத்திலிருந்து அவருக்குக் குரல் கேட்டது என்று இந்தக் கதையில் வருவதில்லை. காட்சி எதுவும் தினமும் வருவதில்லை. வந்தது அரை அப்பம். முழு அப்பம்கூட இல்லை. அன்றைய நாளைத் தாண்டுவதற்குப் போதுமானது. பேச்சு இல்லை என்பதால் கவனிப்பு இல்லை என்று அவர் எண்ணவில்லை.

எனக்கு உடனே பக்கத்து வீட்டு மாமா நினைவுக்கு வந்தார். அப்பாவோடு ஒரே நிரையில் குலை வெட்டியவர். எங்கள் தாமானில் அடுத்த வீடு. அப்பாவின் முதலாண்டு நினைவு நாளில் நான் வெளியே வந்தபோது, அவர் தன் வீட்டு மதில்மேல் வாழையிலையில் சோறு வைத்துக் காகத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "உங்கள்ல இதெல்லாம் கிடையாதுன்னு தெரியும் பிள்ள. என் மனசுக்காக வைக்கிறேன். உங்கப்பன் பசி தாங்க மாட்டான்," என்றார். அப்போது நான் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டேன்.

அந்தக் கடைசி வரிசையில் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தேன். மதில்மேல் அந்தச் சோறு. இரண்டு முறை காணொளியைப் பிடித்துக் காட்டிய, முகம்கூடத் தெரியாத அந்தத் தாதி. அப்பா இறந்த வாரத்தில் என் வாசலில் யாரோ மாட்டிவிட்டுப் போன சாப்பாட்டுப் பை. என் நேரத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாத சக அறிவிப்பாளர். இரண்டரை ஆண்டில் நான் பட்டினி கிடந்த நாள் ஒன்றுமில்லை. முழு அப்பம் வரவில்லை என்ற வருத்தத்தில் அரை அப்பம் விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரு மாமாக் கடையில் நிறுத்தினோம். அம்மாவுக்கு இனிப்பு நீர், ரொட்டி சானாயைப் பாதியாகப் பிய்த்து மறுபாதியை என் தட்டில் வைத்தார். நான் சொல்லிவிட்டேன். "அம்மா, எனக்கு ரொம்ப நாளா செபிக்க வரல."

அம்மா நிமிரவில்லை. "தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"அப்பா போன பிறகு நீ வீட்டுக்கு வந்தா செபமாலைய கையில எடுக்கிற, வாய் அசையுது, விரல் நகரல. எனக்குக் கண்ணுதான் மங்கல் பிள்ள." தே ஓவை ஒரு வாய் குடித்தார். "அதான் உன் பங்கையும் சேர்த்து நானே சொல்லிக்கிட்டு இருக்கேன். ராத்திரி ரெண்டு செபமாலை. ஒன்னு எனக்கு, ஒன்னு உனக்கு. உனக்கு வர்றப்ப நீ எடுத்துக்க."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டரை ஆண்டு. தினமும் இரவு. நான் விட்டுவிட்டேன் என்று நினைத்த இடத்தில் ஓர் ஆள் எனக்குப் பதிலாக உட்கார்ந்திருந்திருக்கிறார். கம்பி அறுந்துவிட்டது என்று நான் நினைத்திருந்தேன். மறுமுனையை அம்மா பிடித்துக்கொண்டிருந்தார்.

சின்னப்பர் கதைக்கு ஒரு முடிவும் உண்டு. அவருடைய கடைசிக் காலத்தில், தொண்ணூறு வயதான வனத்து அந்தோணியார் அவரைத் தேடிக்கொண்டு வருகிறார். அன்று காகம் முழு அப்பம் கொண்டுவருகிறது. இருவருக்குமாக. யார் முதலில் பிய்ப்பது என்று மாறி மாறி மரியாதை சொல்லிக்கொண்டே பொழுது சாய்ந்துவிடுகிறது. கடைசியில் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்துப் பிய்த்துக்கொள்கிறார்கள். இதை மறுநாள் நானே தேடிப் படித்தேன். இரண்டு பேர் இருந்ததால்தான் அன்று அப்பம் முழுசாக வந்தது என்று எனக்குத் தோன்றியது.

நான்காம் நாளிலிருந்து நானும் உள்ளே போனேன். மின்னல் வெட்டியது, உடல் சிலிர்த்தது என்றெல்லாம் சொல்ல ஒன்றுமில்லை. செபமாலையில் அம்மா முதல் பாதி சொல்ல, நான் மறுபாதி சொன்னேன். விரல் நகர்ந்தது. சில நாள் மனம் எங்கேயோ இருக்கும். பழைய ஆளாக இருந்திருந்தால் பேசிப் பேசி அந்த இடைவெளியை நிரப்பியிருப்பேன். இப்போது நிரப்பவில்லை. அப்பா தலைகுனிந்து உட்கார்ந்திருந்த அந்த ஒரு நிமிடத்தை நினைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

திருவிழா முடிந்து ஒரு மாதம் இருக்கும். பாதித் தூரத்தில் ஒரு குலை லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு மெதுவாக வந்துகொண்டிருந்தேன். பழத்தின் அந்த எண்ணெய் வாடை காருக்குள் வந்தது. அப்பாவின் சட்டை வாடை. 'அவர் கடைசியில என்ன சொன்னாருன்னு எனக்குக் கேட்கல, உங்களுக்குக் கேட்டிருக்கும்ல' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு மூன்று நிமிடம் கழித்துத்தான் யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. சாலையோரம் நிறுத்திவிட்டு வெகுநேரம் அழுதேன். அப்பா இறந்ததிலிருந்து அப்படி அழுததில்லை.

அதற்குப் பிறகுதான் சிலுவைப் பாதையை என்னால் முழுமையாகச் சொல்ல முடிந்தது. கைவிடப்பட்டேன் என்ற கேள்வியை இயேசுவே சிலுவையில் தம் தந்தையிடம் கேட்டார், அதையும் ஒரு திருப்பாடலின் சொற்களைக் கொண்டு கேட்டார் என்பது ஞாயிறு மறைக்கல்வியில் படித்த பாடம். அப்போது மனப்பாடம் செய்தது, இப்போது வேறு மாதிரி கேட்கிறது. என்னுடைய அந்த ஜூலையை அவர் வெளியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அந்த வார்டுக்குள், எங்களில் யாருக்கும் அனுமதியில்லாத இடத்தில், அப்பாவின் பக்கத்தில் இருந்திருக்கிறார் என்று நம்புகிறேன். நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை. அப்பா ஏன் பிழைக்கவில்லை என்ற கேள்விக்கும் பதில் வரவில்லை. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டே அவர் அருகில் உட்கார முடிகிறது, அதுதான் இப்போதைய வித்தியாசம்.

தஞ்சோங் காராங் அக்கா இதைப் படிப்பாரா தெரியாது. படித்தால் அவருக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். மனசு ஒட்டவில்லை என்று வருத்தப்படுகிறீர்களே அக்கா, ஒட்டாவிட்டாலும் பரவாயில்லை என்று விட்டுவிட உங்களுக்கு மனசு வரவில்லை பாருங்கள். அந்த வருத்தத்தைச் சின்னதாக நினைக்காதீர்கள். உங்களால் முடியாத நாளில் உங்களுக்காகவும் சேர்த்துச் சொல்ல ஓர் ஆளிடம் வாய்விட்டுக் கேளுங்கள். நான் கேட்கவில்லை, எனக்கு அம்மா கிடைத்தார். எல்லாருக்கும் அப்படித் தானாகக் கிடைக்காது.

இப்போது அம்மாவின் இரவுச் செபமாலை ஒன்றுதான். என் பங்கை நான் எடுத்துக்கொண்டேன். இன்னொன்றை யாருக்காகவாவது சொல்லலாமே என்றேன். அடுத்த வீட்டு மாமாவுக்கு முழங்கால் வலி என்று அவருக்காகச் சொல்ல ஆரம்பித்திருப்பதாக மறுவாரம் சொன்னார்.

காலையில் ஆறு மணிக்கு ஒலிவாங்கியைத் திறக்கிறேன். அதற்குப் பத்து நிமிடம் முன்னதாகவே போய் உட்கார்ந்துவிடுவேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒலிப்பதிவாளர் தம்பி புதியவர். அன்றொரு நாள், நான் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அக்கா, ஏதாச்சும் சொல்லணுமா?"

"சொல்லிட்டேன் தம்பி," என்றேன்.